கட்டுமரம் என்னும் சொல்

வன்னிப் பெருநிலத்தின் நடுவே அமைந்த மாங்குளத்திலிருந்து இரு வழிகள் எதிரெதிர்த் திசைகளிற் பிரிந்து செல்கின்றன. கிழக்கு நோக்கிய வழி முல்லைத்தீவிலே கடலைச் சேர்கிறது. மேற்கு நோக்கிய வழி மல்லாவியையும் துணுக்காயையும் கடந்து, வெள்ளாங்குளத்தில் மேற்குக் கரையோர வீதியைத் தொடுகிறது. ஆகவே துணுக்காய் இரு கடல்களுக்கு இடைப்பட்ட ஊர். ஆயினும் அதற்குச் சொந்தமாகக் கடல் இல்லை. குளம் உண்டு, வயல் உண்டு, காடு உண்டு. அங்குள்ள கமக்காரர் காற்றையும் மழையையும் நன்கு அறிவர். அலையை அறிய வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

எனினும் தமிழ்க் கடலோடிகளின் சொற்களுள் உலகம் முழுவதும் பரவிய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு உறுப்புகளும் துணுக்காயில் நாள்தோறும் ஒலிப்பவையே. ஒன்று ‘கட்டு’, மற்றொன்று ‘மரம்’. குளத்து நீரைத் தாங்கும் அணைக்கு அங்கே குளக்கட்டு என்று பெயர். வேலியைக் கட்டுவதும், விறகைக் கட்டுவதும், வைக்கோலைக் கட்டுவதும் அன்றாட வேலைகள். மரத்தைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. பாலையும் முதிரையும் கருங்காலியும் வன்னிக் காட்டுக்குப் பெயர் தந்த மரங்கள். ஆனால் இவ்விரு சொற்களும் சேர்ந்து ‘கட்டுமரம்’ என்றானவுடன் அச்சொல் காட்டை விட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அது எங்கெங்கே சென்றது, எவ்வெப் பொருளை ஏற்றது, எதை இழந்தது என்பது ஆராயத்தக்க வரலாறு.

முதலிற் பொருளைப் பார்ப்போம். துணுக்காய்க்கு மேற்கே உள்ள பாக்குநீரிணைப் பகுதிக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. அங்கே வள்ளமும் வத்தையும் தோணியும் இடரின்றிக் கரையணையலாம். கிழக்கே முல்லைத்தீவுக் கடலோ வங்காள விரிகுடாவுக்கு நேரே திறந்து கிடக்கிறது. அலைகள் திரண்டு வந்து மணற்கரையில் உடைகின்றன. சோழமண்டலக் கரையும் இத்தகையதே. பக்கச் சுவர்களை உடைய படகு இவ்வலைகளுக்குள் அகப்பட்டால் நீர் நிறைந்து கவிழும். ஆகவே இத்தகைய கரைகளில் வாழ்ந்த மீனவர் வேறொரு வழி கண்டனர். நீர் புகாத கலத்தைச் செய்ய முயலாது, நீர் புகுந்தாலும் கெடாத கலத்தைச் செய்தனர்.

கட்டுமரத்துக்கு வயிறு இல்லை. மூன்று, நான்கு, ஐந்து எனச் செதுக்கிய மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகளிட்டுக் கயிற்றால் இறுகப் பிணைப்பர். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் பக்கமரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். முன்முனை அலையைக் கிழிக்குமாறு மேல்நோக்கி வளைந்திருக்கும். ஏறிவரும் அலை மரங்களின் இடைவெளிகளால் வழிந்து ஓடிவிடும். ஆதலின் இதில் நீர் நிறைவதும் இல்லை. நிறைந்து அமிழ்வதும் இல்லை. அலை புரட்டிவிட்டாலும் மீண்டும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். துடுப்பினால் வலித்துச் செல்வதுண்டு. காற்று வாய்த்தால் முக்கோணப் பாய் விரித்து ஓடுவதும் உண்டு. கோலா மீன் பிடிக்க ஆழ்கடலுக்குச் செல்லும் பெரிய கட்டுமரத்துக்குக் கோலாமரம் என்றே தனிப்பெயர் வழங்கிற்று.

இதற்கு வேண்டிய மரம் வன்னிக் காட்டின் புகழ்பெற்ற மரமன்று. பாலையும் கருங்காலியும் வைரம் பாய்ந்தவை. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும். வீட்டுக்குத் தூணாக நிற்கும் உறுதி கடலில் சுமையாகிறது. கட்டுமரத்துக்கு மலைவேம்பு, முள்முருக்கு போன்ற மென்மரங்களே ஏற்றவை. இலங்கைக் கரைகளுக்கு இவ்வகை மரங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்ததும் உண்டு.

மென்மரத்துக்கு ஒரு குறை உண்டு. அது நீரை உறிஞ்சும். உறிஞ்சினால் கனக்கும், கனத்தால் மிதக்காது. ஆதலால் கடலினின்று மீண்ட மீனவர் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து, மணலில் உலரப் போடுவர். மறுபடி கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுவர். வேறு எந்தக் கலமும் இவ்வாறு கரைக்கு வந்ததும் கலமாக இருப்பதை விட்டு வெறும் மரமாகிவிடுவதில்லை. இந்த வழக்கத்தை அறிந்தாலன்றிச் சொல்லின் நயம் விளங்காது.

தமிழிலக்கணத்தில் வினைத்தொகை என்று ஒன்று உண்டு. ஊறுகாய் என்றால் ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதனுள் அடங்கும். கட்டுமரமும் அத்தகைய தொகையே. நேற்றுக் கட்டிய மரம், இன்று கட்டுகின்ற மரம், நாளை கட்டும் மரம் என்னும் மூன்றும் அதில் உள. ஒருமுறை கட்டி முடித்துவிட்ட பொருளுக்கு இப்பெயர் அவ்வளவு பொருந்தாது. நாள்தோறும் அவிழ்த்து நாள்தோறும் கட்டப்படும் பொருளுக்கு இதனினும் பொருத்தமான பெயரைப் புலவர் ஒருவர் முயன்றும் கண்டுபிடித்தல் அரிது. பெயரிட்டவரோ புலவர் அல்லர். கயிறு பிடித்துக் காய்த்த கையினர்.

மிதவையைக் கட்டும் செயலாற் பெயரிடுதல் தமிழில் மிகப் பழைய வழக்கம். சங்க இலக்கியத்தில் மிதவைக்கு வழங்கும் சொல் ‘புணை’. புணைதல் என்றால் பிணைத்தல், கட்டுதல். அச்சொல்லுக்கே பிணை, ஈடு என்னும் பொருளும் உண்டு. வழக்குமன்றத்தில் ஒருவனுக்காக மற்றொருவன் நிற்பதும், வெள்ளத்தில் ஒருவனை மரம் தாங்கி நிற்பதும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டன. மிதவைக்கு மற்றொரு பெயர் தெப்பம். கோயிற் குளங்களில் தெப்பத் திருவிழா காண்போர் அதனை அறிவர். சிங்கள மொழியிலும் மரங்களைப் பிணைத்த மீன்பிடிக் கலத்துக்குத் தெப்பம என்னும் பெயர் வழங்குகிறது.

இனி இச்சொல் அயலார் காதில் விழுந்த கதைக்கு வருவோம். வெனிசு நகரத்து மணிவணிகர் கஸ்பாரோ பல்பி என்பவர் 1583ஆம் ஆண்டளவில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமுக்கு வந்தார். உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டிய விந்தையான ஓடங்களைக் கண்டு தம் பயண நூலில் விவரித்தார். அவர் காதில் அப்பெயர் ‘கத்தாமெரோனி’ என்பதுபோல் ஒலித்தது. 1673இல் அக்கரையை அடைந்த ஆங்கில மருத்துவர் ஜோன் பிரையரும் தம் கப்பலைத் தொடர்ந்து வந்த கட்டுமரங்களைக் குறிப்பிட்டார். கடற்பயணி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட உலகப் பயண நூலின் வாயிலாக இச்சொல் ஆங்கில வாசகரிடையே பரவிற்று. இம்மூவர் கூற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கட்டுமரம் என்று அவர்கள் குறித்தது மரங்களைக் கட்டிய மிதவையையே. அதுவரை சொல்லும் பொருளும் பிரியவில்லை.

சென்னைப் பட்டினத்தில் ஆங்கிலேயர் நிலைத்தபின் கட்டுமரம் அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் பொருள்களையும் மசூலாப் படகுகள் கரைசேர்க்கும். அப்படகுகளும் இறங்க அஞ்சும் நாட்களில் கட்டுமரக்காரர் கடிதங்களைத் தம் கூம்புக் குல்லாய்க்குள் நனையாது வைத்துக்கொண்டு, அலைகளினூடே புகுந்து கப்பலை அடைவர். ஒரு நகரத்துக்கும் உலகத்துக்கும் இடையே செய்தி சென்ற வழி, சில நாட்களில் இரண்டு மூன்று மரத்துண்டுகளும் ஒரு கயிறுமாகவே இருந்தது.

ஆங்கிலக் கடலோடிகளின் நாவில் ஏறிய சொல் அதன்பின் தன் பொருளைச் சிறிது சிறிதாக நெகிழவிட்டது. 1804 அக்டோபர் 2ஆம் நாள் இரவு, பிரான்சு நாட்டுப் புலோன் துறையில் நின்ற நெப்போலியனின் கலங்களைத் தகர்க்க ஆங்கிலேயர் வெடிமருந்துப் பெட்டிகளை நீரில் மிதக்கவிட்டனர். அமெரிக்கரான ரொபேட் புல்டன் வகுத்த அப்பெட்டிகளுக்கும் ‘கட்டமரான்’ என்றே பெயர். நீரின் மட்டத்தோடு மட்டமாக மிதந்தமையே அதற்குக் காரணம் போலும். விளைந்த சேதம் சிறிது. ஆனால் சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் பலர், காலிக் கரையிலும் கொழும்புக் கரையிலும் சிங்கள மீனவர் ஓட்டிய, பக்கமிதவை பூட்டிய ஓருவையும் அப்பெயராலேயே அழைத்தனர். அது குடைந்த மரத்தால் ஆனது, கட்டிய மிதவையன்று. வேறுபாட்டை அறிந்தவர் அறிந்தனர். ஏனையோருக்குக் கீழைநாட்டு விந்தைக் கலம் எல்லாம் ஒன்றே.

இதற்கிடையே பசிபிக் பெருங்கடலில் ஐரோப்பியர் வேறொரு கலத்தைக் கண்டனர். தொங்கா, ஹவாய் முதலிய தீவுகளின் மக்கள் இரண்டு நீண்ட ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, பாய் விரித்து நெடுந்தூரம் ஓடினர். அதற்கு அம்மக்களின் மொழிகளில் தக்க பெயர்கள் இருந்தன. தமிழருக்கும் அக்கலத்துக்கும் தொடர்பு யாதும் இல்லை. ஐரோப்பாவிலேயே சேர் வில்லியம் பெற்றி என்பவர் 1662இல் டப்ளின் நகரில் ஈருடற் கப்பல் ஒன்றைச் செய்து ஓட்டினார். அதையும் அவர் கட்டுமரம் என்று அழைக்கவில்லை.

1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் நதானியல் ஹெரஷோப் என்னும் இளம் கப்பற் கலைஞர் ‘அமரிலிஸ்’ என்ற ஈருடற் பாய்க்கலத்தைச் செய்து, நியூயோர்க்கில் நடந்த நூற்றாண்டு விழாப் போட்டியில் ஏனைய கலங்களை வெகுதூரம் பின்னே விட்டார். தோற்றவர்கள் முறையிட்டனர். வென்ற கலம் தகுதியற்றது என்று தள்ளப்பட்டது. ஆனால் அதன் விரைவை ஒருவரும் மறக்கவில்லை. காலப்போக்கில் இரண்டு உடல்களைக் கொண்ட கலத்துக்கே ‘கட்டமரான்’ என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் மோதிய இரு பெருங்கலங்களும் இவ்வகையினவே. அவற்றில் மரமும் இல்லை. கயிற்றுக் கட்டும் இல்லை.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் நோக்குதல் வேண்டும். மலையாள நாட்டில் ‘சங்ஙாடம்’ என்னும் சொல் உண்டு. அது மிதவையையும் குறிக்கும். இரண்டு ஓடங்களை இணைத்து மேலே பலகை பரப்பி ஆற்றைக் கடக்கும் கலத்தையும் குறிக்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற் பயணக் கையேடு’, சோழமண்டலக் கரையிலே மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் கலங்கள் இருந்தமையைக் கூறுகிறது. இரண்டும் ஒரே சொல்லாகலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. சங்ஙாடத்தைப் போர்த்துக்கீசர் ‘சங்காடா’ என்று கொண்டனர். அவர்களுடன் அச்சொல் பிரேசில் நாட்டுக்குச் சென்றது. அந்நாட்டின் வடகிழக்குக் கரையில் மீனவர் பாய் விரித்து ஓட்டும் மரமிதவைக்கு இன்றும் அதுவே பெயர்.

இதை ஊன்றிப் பார்த்தால் ஒரு வியப்பு வெளிப்படும். ஈரோடக் கலத்தைக் குறித்த மலையாளச் சொல் பிரேசிலுக்குச் சென்று மரமிதவையின் பெயராயிற்று. மரமிதவையைக் குறித்த தமிழ்ச் சொல் இங்கிலாந்துக்குச் சென்று ஈருடற் கலத்தின் பெயராயிற்று. அடுத்தடுத்த இரு கரைகளினின்று புறப்பட்ட சொற்கள் இரண்டும், உலகைச் சுற்றி வருவதற்குள் தத்தம் பொருள்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன.

இந்த வரலாற்றை அறியாமையால் அண்மைக் காலத்தில் ஒரு தவறான பெருமை பரவியுள்ளது. சோழர் கடற்படை ஈருடற் போர்க்கலங்களில் ஏறிக் கடாரம் சென்றது என்றும், அக்கலங்களே இன்றைய கட்டமரான்களுக்கு முன்னோடி என்றும் பலர் எழுதுகின்றனர். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மேற் படை செலுத்தியது உண்மை. அவனது மெய்க்கீர்த்தி அப்படை கலங்களிற் சென்றதென்று கூறுகிறது. அக்கலங்கள் ஈருடல் கொண்டவை என்பதற்குக் கல்வெட்டுச் சான்றும் இல்லை. இலக்கியச் சான்றும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் பிற்காலப் பொருளை எடுத்து, அதனை மூலச் சொல்லின்மேல் ஏற்றி, பின்னர் அதையே வரலாறாகக் கொள்ளுதல், வீட்டிலிருந்து போன பிள்ளை வேற்றூரில் அணிந்த சட்டையைப் பார்த்து அதுவே பரம்பரை உடை என்று சாதிப்பதை ஒக்கும்.

தவறான பெருமையால் விளையும் தீங்கு யாது? உண்மையான பெருமை மறைந்துவிடுகிறது. அரசர் ஏறிய கலத்தைத் தேடுவோர் கண்ணுக்கு, அலை உடையும் கரையில் நின்று மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, கயிற்றால் பிணைத்து, நாள்தோறும் அவிழ்த்து உலர்த்திய மீனவர் புலப்படுவதில்லை. இக்கலைக்கு உரியவர் அவரே. சென்னையில் மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் கரைதோறும் சென்று, கட்டுமரங்களின் வகைகளையும், மரங்களின் எண்ணிக்கையையும், கட்டும் முறைகளையும் குறித்து 1920இல் விரிவாக எழுதினார். ஓர் அயலார் அளந்து எழுதிய அளவுக்கு உள்ளூரார் எழுதிவைக்கவில்லை.

சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. அதற்கு நேர்ந்த கடைசி மாற்றமே மிகவும் கவனிக்கத்தக்கது. 1940களில் அமெரிக்காவிற் குடியேறிய உக்ரேனியரான விக்டர் செச்செற் மூவுடற் பாய்க்கலம் ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘டிரைமரான்’. ‘டிரை’ என்றால் மூன்று. கட்டமரானிலிருந்து முன்பாதியை விலக்கி, பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுபுறம், ஈருடற் கலங்களை ஓட்டும் ஆங்கிலேயர் நீண்ட சொல்லைச் சுருக்கி, ‘கட்’ என்னும் முதற்கூற்றால் மட்டுமே தம் கலத்தை அழைக்கலாயினர். அது பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பது அவர்களுக்கு வேடிக்கையுமாயிற்று. ஆக, ஒருவர் ‘கட்டு’ என்பதை வைத்துக்கொண்டு மரத்தை விட்டார். மற்றவர் ‘மரம்’ என்பதை வைத்துக்கொண்டு கட்டை விட்டார். கடலினின்று மீண்ட மரங்கள் கரையிலே பிரிக்கப்படுவதுபோல், அச்சொல்லும் அயல்நாட்டுக் கரையில் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது.

சொல் இவ்வாறு உலகெங்கும் உலாவ, பொருளின் நிலை பிறந்த இடத்தில் வேறாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரப் படகுகளும், அவற்றைத் தொடர்ந்து கண்ணாடியிழைப் படகுகளும் இரு நாட்டுக் கரைகளிலும் பெருகின. ஏற்ற மென்மரம் கிடைத்தல் அரிதாயிற்று, விலையும் ஏறிற்று. இலங்கையின் வடகிழக்குக் கடலிற் போர்க்காலக் கட்டுப்பாடுகள் நெடுநாள் நீடித்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. அதன்பின் கடற்கரைகளுக்கு உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அவற்றால் மீனவருக்கு நன்மை இல்லை என்று எவரும் சொல்லார். விரைவு உண்டு, உழைப்புக் குறைவு, ஆழ்கடலுக்குச் செல்லலாம். ஆனால் கட்டும் கை ஓய்ந்தால், எந்த மரம் நடுவில், எந்த மரம் பக்கத்தில், கயிற்றை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்னும் அறிவும் ஓயும். அது ஏட்டில் எழுதப்படாத அறிவு. தந்தை கட்ட, மகன் பார்த்துக் கற்றது.

தமிழகக் கரையில் மீனவர் கட்டுமரத்தை வெறும் ‘மரம்’ என்று சொல்வது பழைய வழக்கு. மரமே இல்லாத கண்ணாடியிழைக் கலத்தையும் அப்பெயரால் அழைப்போர் உண்டு. பொருள் போனபின்னும் பெயர் சிறிது காலம் கரையிலே தங்கி நிற்கும். அது நிற்கும்போதே அதன் பொருளைக் கேட்டு எழுதிவைத்தல் நலம்.

மாரியிலே வாடைக் காற்று எழும்போது முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், மரங்கள் கரையேறும். அதே காற்றோடு வரும் மழைதான் துணுக்காய்க் குளங்களை நிரப்பிக் காலபோகத்துக்கு நீர் தருகிறது. கமக்காரர் குளக்கட்டின்மேல் நடந்து, எங்கே நீர் கசிகிறது என்று பார்த்து மண்ணிட்டு இறுக்குவர். அவர் கட்டுவது நீரை மறிப்பதற்கு. கடற்கரையில் இருந்தவர் கட்டியது நீரைத் தன்னூடே போகவிடுவதற்கு. இருவர் கையிலும் இருந்த வினை ஒன்றே. தமிழ் அதற்கு வைத்த சொல்லும் ஒன்றே.